பச்சைக் கொட்டைக்கு வாசனை கிடையாது

முட்டுக்காட்டில் காபிச்செடி வளராது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு இது. சவுக்கு வரும், தென்னை வரும், முந்திரி வரும். நல்ல அராபிகாவுக்கு மூவாயிரம் அடியாவது உயரம் வேண்டும். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் கழிமுகத்தின் மேல் போகும் பாலத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை வண்டியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கீற்றுக் கொட்டகை, வாசலில் பித்தளை பாய்லர், பித்தளை டபரா டம்ளர், மேலே 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கடைகளின் முன்னால் கார்கள் இரண்டு வரிசையாக நிற்கும்.

அந்த 'டிகிரி' எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானி வைத்து 'டிகிரி' பார்த்ததால் வந்த பெயர் என்பார்கள். 'சிக்கரி' என்ற சொல்தான் வாயில் உருண்டு டிகிரி ஆகிவிட்டது என்பார்கள் இன்னும் சிலர். ஒன்று கலப்படம் இல்லை என்கிறது, மற்றது கலந்திருக்கிறது என்கிறது. இரண்டும் ஒரே டம்ளருக்குள் சண்டையில்லாமல் கிடக்கின்றன. குடிக்கிறவர்களுக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. நமக்குக் காபி என்றால் பாய்லரும் டிகாக்ஷனும் நுரையும்தான். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது, யார் கைகளில் இருந்தது என்று நாம் கேட்பது குறைவு.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் அம்மா.

*

அப்பா போன பிறகு, நான்கு வருடங்களாக அம்மா என்னோடு இருக்கிறார். கோவைக்காரர். எழுபத்தாறு வயது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கடல் அவருக்குப் பிடிக்கவில்லை. "சும்மா இரைஞ்சுட்டே இருக்குது" என்பார். அவருக்குப் பிடித்துப்போனது தட்சிணசித்ரா. வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்களை அங்கே அழைத்துப் போவது எங்கள் வழக்கம்; ஒவ்வொரு முறையும் அம்மாவும் கிளம்பிவிடுவார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996இல் முட்டுக்காட்டில் திறந்த அருங்காட்சியகம் அது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கங்களிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, தூணும் உத்தரமும் மாறாமல் இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று ஒரு தெருவில் நான்கு மாநிலம். கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீட்டோடு சிக்மகளூர் வீடு ஒன்றும் உண்டு.

போன வருடம் ஒரு நாள் அந்த வீட்டின் பெயர்ப்பலகையை என் மகள் வாய்விட்டுப் படித்தாள். அம்மா நின்றுவிட்டார்.

"ஏன் அம்மிணி, இந்த ஊரு நெசமாலுமே இருக்குதா?"

"இருக்கும்மா. கர்நாடகாவுல. மலை மேல."

"நான் அது சாக்கு மேல எழுதற பேருன்னுதான் நெனச்சிருந்தேன்."

கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருடம், 1967இலிருந்து, அம்மா கோவையில் ஒரு காபிக் கம்பெனியில் கொட்டை பொறுக்கும் வேலை பார்த்தார். இது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வரியாகத்தான் தெரியும். 'அம்மா காப்பிக் கம்பெனிக்குப் போனவங்க' என்பதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. மலையிலிருந்து லாரியில் மூட்டைகள் இறங்கும். சாக்கின் மேல் தோட்டத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் மையால் குத்தியிருக்கும். கணக்குப் பார்க்கும் மேஸ்திரி அதை உரக்கப் படிப்பார்: கூடலூர், வால்பாறை, வயநாடு, குடகு. எப்போதாவது சிக்மகளூர். பெண்களுக்கு அவையெல்லாம் மூட்டைகளின் பெயர்கள். "வயநாடு மூட்டையில உடைசல் அதிகம்" என்று பேசிக்கொள்வார்களாம். அந்த ஊர்களில் மனிதர்கள் இருப்பார்கள், தெரு இருக்கும், கோயில் இருக்கும் என்று நினைக்க நேரமில்லை.

அன்று வீடு திரும்பும்போது மகள்தான் சொன்னாள், "பாட்டி, அந்த ஊருக்கு கார்லயே போலாம்."

*

அம்மா உட்கார்ந்திருந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காபிக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது.

செடியிலிருந்து பறிப்பது சிவந்த பழம். அதை அன்றே தோல் நீக்கி, வழவழப்புப் போக ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஊறவைத்து, கழுவி, களத்தில் உலர்த்துவார்கள். அப்போது கொட்டையின் மேல் காய்ந்த தாள் போல ஓர் உறை இருக்கும்; அதனால் அதற்கு பார்ச்மென்ட் காபி என்று பெயர். இதுவரை தோட்டத்து வேலை. அதன் பிறகு மூட்டை சமவெளிக்கு இறங்கும். அங்கே 'கியூரிங்' நிலையத்தில் அந்த உறையை உடைத்து நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, கடைசியில் கெட்ட கொட்டையைக் கையால் பொறுக்கி எடுப்பார்கள். கோவையில் இந்தத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கம்பெனியின் முதல் வேலைகளில் ஒன்று காபி பதப்படுத்துவது. மங்களூர், கோழிக்கோடு, ஹாசன், சிக்மகளூர் என்று மலையடிவார ஊர்களிலும் துறைமுகங்களிலும் இப்படி நிலையங்கள் உண்டு. எல்லாவற்றிலும் பொறுக்கும் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள்.

அம்மா வேலை பார்த்த காலத்தில் நாட்டின் காபி முழுவதும் அரசின் கணக்கில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு விலை விழுந்தபோது, 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காபி வாரியம் வந்தது. விளைவிப்பவர் யாரும் நேரடியாக விற்க முடியாது. மொத்த விளைச்சலையும் வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். கியூரிங் நிலையங்கள் வாரியத்தின் முகவர்களாக அதை வாங்கிப் பதப்படுத்தும். ஏற்றுமதிக்கு எது, உள்நாட்டுக்கு எது என்று வாரியம் தீர்மானிக்கும். தொண்ணூறுகளின் நடுவில்தான் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

அம்மாவுக்கு வாரியமும் தெரியாது, சட்டமும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மூட்டைக் கணக்கு. எத்தனை மூட்டை சுத்தமாகிறதோ அதற்குத்தான் கூலி. சாயங்காலம் வெளியே வரும்போது முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வர வேண்டும். ஒரு கொட்டை மடியில் இருந்தாலும் மறுநாள் வேலை இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார்.

*

பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினோம். அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் மகள். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வெளிவட்டச் சாலை பிடித்து, பிறகு பெங்களூர் நெடுஞ்சாலை. ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். எழுபத்தாறு வயதுக்காரரை ஒரே நாளில் உட்கார வைக்க முடியாது, ஹாசனில் ராத்தங்கல்.

வழி முழுவதும் அம்மா காபி குடித்தார். குடித்தார் என்பதைவிடப் பரிசோதித்தார் என்று சொல்லலாம். வேலூரில், "பால் நல்லாருக்குது." கிருஷ்ணகிரியில், "இது சிக்கிரித் தண்ணி." குணிகல் தாண்டி ஒரு கடையில் எதுவும் சொல்லாமல் இன்னொன்று கேட்டார். எங்கள் வீட்டில் சின்ன வயதில் பால் காபி கிடையாது. கருப்பட்டி போட்ட வறக்காப்பிதான். பொட்டலத்தில் வரும் தூள், கொதிக்கும் தண்ணீர், துணியில் வடிகட்டல். விருந்தாளி வந்தால் மட்டும் பால் வாங்கி வருவார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில், காபி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆன கதையை எழுதியிருக்கிறார். கோவை மில் தெருக்களில் அது இன்னொரு விதமாகவும் நுழைந்திருந்தது. ஷிப்டுக்குப் போகிறவரை எழுப்பிவிட ஒரு கறுப்புத் தண்ணீர் வேண்டும். அதற்குப் பெயர் காப்பி. ஃபில்டர் என்கிற பாத்திரத்தை நான் முதலில் பார்த்தது பள்ளித் தோழியின் வீட்டில்.

பேலூரைத் தாண்டியதும் சாலையோரம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக்கொடி, கீழே கரும்பச்சையில் காபி. அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"இதா செடி?"

"ஆமாம்மா."

"இத்தனூண்டா? நான் மாமரமாட்டம் இருக்கும்னு நெனச்சேன்."

ஏழு வருடம் அந்தக் கொட்டைகளைக் கையில் எடுத்தவர், செடியை முதலில் பார்த்தது அன்றுதான். கவாத்து செய்யாமல் விட்டால் அது மரமாகத்தான் வளரும், பறிப்பதற்காக வெட்டிவெட்டிக் குட்டையாக வைத்திருக்கிறார்கள் என்று மகள் கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னாள். "அப்ப நான் நெனச்சது சரிதான்" என்றார் அம்மா.

*

சிக்மகளூரில் காபி வாரியத்தின் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. முதலில் அங்கே போனோம். விதை முதல் கோப்பை வரை படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி, மெக்காவிலிருந்து திரும்பும் வழியில் ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்து எடுத்துவந்து இந்த மலையில் நட்டார் என்ற கதையை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முளைக்கக்கூடிய விதையை வெளியே விடாமல் அரேபியர் காத்துவந்த காலம் அது. ஏழு விதை என்பது கதையாக இருக்கலாம். ஆனால் இன்று இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம் டன் காபி விளைகிறது. அதில் எழுபது சதவீதம் கர்நாடகத்தில் என்பது கணக்கு. அம்மாவுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. "மடியில வெச்சுக் கொண்டாந்துட்டாரா? யாரும் உதறிக் காட்டச் சொல்லலியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

தமிழர்களுக்கும் காபிக்கும் உள்ள உறவு இந்த மலையோடு நிற்பதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இலங்கையில் மலைகளை அழித்துக் கோப்பித் தோட்டம் போட்டபோது, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து ஆட்கள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பி பருவகால வேலை. பறிப்பு முடிந்தால் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869இல் இலைத்துரு நோய் அங்கே தலைகாட்டியது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதால் வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். மலையகத் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் சமூகத்தின் வரலாற்றை ஓர் இலை நோய் திருப்பிவிட்டது. சுற்றுலாத் துண்டறிக்கைகளில் துரு நோய் வரும். நடந்து போனவர்கள் வருவதில்லை.

*

மறுநாள் போனது ஒரு தனியார் தோட்டத்தோடு சேர்ந்த தொழிற்சாலை. பயணிகளுக்காகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், மலையில் இதுபோல இப்போது பல இருக்கின்றன. ஆளுக்கு நானூறு ரூபாய், கடைசியில் ஒரு கோப்பை காபி இலவசம். குன்னூரிலும் தொட்டபெட்டாவிலும் தேயிலைத் தொழிற்சாலை பார்த்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதுதான்: இயந்திரம், விளக்கம், சுவைத்துப் பார்ப்பது, பிறகு கடை.

எங்களுக்கு வழிகாட்ட வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இன்ஜினியரிங் படித்தவர். சினிமா பார்த்துக் கற்ற தமிழ் கொஞ்சம் இருந்தது. அம்மாவை 'அஜ்ஜி' என்றார். ஆறு கிலோ பழம் போட்டால்தான் ஒரு கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும் என்றார். பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை முதுகு காட்டிப் படுத்திருக்கும். சிலவற்றில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும், அதுதான் பீபெரி என்று கையில் வைத்துக் காட்டினார். அம்மா தலையாட்டினார். "நாங்க குண்டுக்கொட்டைம்போம்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

உறை உடைக்கும் இயந்திரம், சல்லடைகள். 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்பது பிளான்டேஷன் ஏ. அதற்கும் பெரியது ஏஏ. சின்னது பி, சி. பிறகு ஒரு பெரிய கறுப்புப் பெட்டியின் முன்னால் பையன் நின்றார். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம். மேலிருந்து கொட்டைகள் அருவிபோல விழுகின்றன. கேமரா ஒவ்வொன்றையும் பார்க்கிறது. நிறம் கெட்டது வந்தால் ஊசிமுனை அளவு காற்று அடித்து அதை மட்டும் வெளியே தள்ளுகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"முன்னாடி இந்த வேலைக்கு ரொம்ப லேடீஸ் இருந்தாங்க. ஈஸி வேலைதான், ஆனா ரொம்ப ஸ்லோ" என்றார்.

அம்மா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்ல மிசினு" என்றார். "எனக்கு நாப்பது வயசுலயே கண்ணாடி வந்துச்சு. இதுக்குக் கண்ணு போகாது." பிறகு பையனைப் பார்த்து, "ஆனா ஈசின்னு சொல்லாதீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பையனும் நல்லவர், உடனே "சாரி அஜ்ஜி" என்றார். ஏன் என்று கேட்டார். நான் சொன்னேன்.

அதன் பிறகுதான் எங்களுக்கு அந்த அறை திறந்தது. வழக்கமான சுற்றில் அதைக் கண்ணாடி வழியாகத்தான் காட்டுகிறார்கள். உயர்ந்த ரகம் இயந்திரத்தைத் தாண்டியும் ஒருமுறை மனிதக் கைக்கு வருகிறது. நீளமான மேஜை, மேலே வெள்ளை விளக்கு, மூன்று பெண்கள். அம்மாவின் காலத்தில் ஒரு கூடத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்களாம், தரையில்.

யாரும் அழைக்கவில்லை, அம்மா தானாகப் போய் மேஜை ஓரத்தில் நின்றார். இரண்டு கையையும் குவியலில் வைத்து, கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்து, பரப்பினார். விரல்கள் ஓட ஆரம்பித்தன. கறுப்பு, பழுப்பு, உடைசல், காது மாதிரி குழிந்தது, ஒவ்வொன்றையும் சுண்டிச் சுண்டி இடப்பக்கம் தள்ளினார். எங்கள் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கவே தடுமாறுகிறவர். ஐம்பது வருடம் கழித்தும் கைக்கு நினைவிருந்தது. மற்ற மூன்று பெண்களும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். மூத்தவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அம்மா ஒரு கொட்டையை விளக்கடியில் தூக்கிப் பிடித்தார். ஊசியால் குத்தியதுபோல ஒரு சின்னத் துளை.

"இது என்ன? இது எங்க காலத்துல இல்லியே."

"பூச்சி ஓட்டை அக்கா" என்றார் மூத்தவர், தமிழில். "இதத்தான் இப்ப ரொம்பப் பாக்கணும்."

அவர் சொன்னது சரி. காய்த்துளைப்பான் வண்டு இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1990இல், கூடலூரில். அம்மா வேலையை விட்டுப் பதினாறு வருடம் கழித்து. அவருக்குத் தெரியாத ஒரே குறை அதுதான். அதையும் அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார். அவருடைய பாட்டி காலத்தில் தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். பிள்ளைகள் பெங்களூரில். தோட்டத்தில் இப்போது அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள்தான் அதிகம் பறிக்கிறார்கள் என்றார்.

இருவரும் கூலி பேசினார்கள். அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு, உட்கார மனை கொடுக்கிறார்களா, இடுப்பு வலிக்கு என்ன செய்கிறீர்கள். எங்கள் பையன் இதற்குள் கைபேசியை எடுத்துவிட்டார். அஜ்ஜியின் கைகளைப் படம் எடுத்தால் தொழிற்சாலைப் பக்கத்தில் போடலாம், எல்லோருக்கும் பிடிக்கும் என்றார். அம்மா கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"எடுத்துக்கோங்க தம்பி. கூலி உண்டுங்களா?"

அந்த அறை முழுவதும் சிரித்தது. பையனும் சிரித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது இடப்பக்கம் ஒதுக்கிய குவியலைக் காட்டி, இதை என்ன செய்வீர்கள் என்று மகள் கேட்டாள். எறிய மாட்டார்கள். கறுப்பு, பழுப்பு, உடைசல் மூன்றையும் சேர்த்து 'பிபிபி' என்று ஒரு ரகமாகவே விற்கிறார்கள். "எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது. லோக்கலுக்குத்தான்" என்றார் பையன்.

"அந்த லோக்கலு நாங்கதான்" என்றார் அம்மா.

*

கடைசி நிறுத்தம் வறுக்கும் அறை. பச்சைக் கொட்டை இருநூறு டிகிரிக்கு மேல் சூட்டில் சுழல்கிறது. மஞ்சளாகி, பழுப்பாகி, பத்து நிமிடம் போனதும் பாப்கார்ன் மாதிரி வெடிக்கிறது. எடையில் ஆறில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். பதமான நொடியில் கதவைத் திறந்துவிட்டார்கள். அறை முழுக்க அந்த வாசனை.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கு இது கெடையாது" என்றார். "காப்பிக் கம்பெனின்னதும் எல்லாரும் கமகமன்னு இருக்குமேன்னு கேப்பாங்க. பச்சைக் கொட்டைக்கு வாசனை கெடையாது அம்மிணி. சாக்கு வாசந்தான். வீட்டுக்கு வந்தா தலையெல்லாம் தூசி."

நான் இதை யோசித்ததே இல்லை. கியூரிங் நிலையத்தில் வறுப்பது கிடையாது, பச்சையாகவே கப்பலேறும். உலகம் காபி என்று எதை நினைக்கிறதோ அந்த மணம், அந்த நிறம், அந்தச் சுவை எல்லாம் அவர்களைத் தாண்டிய பிறகு, வேறு ஊரில், பல நேரம் வேறு கண்டத்தில் பிறக்கிறது. ஏழு வருடம் காபியில் மூழ்கி இருந்தவருக்கு அங்கே காபி வாசனை தெரியாது. பொறுக்கிச் சுத்தம் செய்த மேல்தரம் வெளிநாட்டுக்குப் போயிற்று. கீழே தள்ளிய மலிவு ரகம் தூளாகி, சிக்கரி சேர்ந்து, பொட்டலமாகத் தெருமுனைக் கடைக்கு வந்தது. அதை வாங்கி வறக்காப்பி போட்டு அப்பாவை ஷிப்டுக்கு எழுப்பினார்.

இது பழைய கதை என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. இன்றும் நம் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதிதான். உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 வரை சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் விகிதம் போட்டிருப்பார்கள். 2025 பிப்ரவரியில், பிரேசிலில் மழை பொய்த்துப்போய், நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. விலை ஏறும்போது மலிவுப் பொட்டலம் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், விகிதத்தைப் பார்ப்பதில்லை. அங்கே காபி இன்னும் கொஞ்சம் குறைந்து, சிக்கரி இன்னும் கொஞ்சம் கூடும். கூடினாலும் அதற்குப் பெயர் காபிதான். எங்கள் ஈசிஆர் கடைகளில் எந்த விகிதம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் மட்டும் எண்பதுக்கு இருபது என்று சொன்னார். மற்றவர்கள் "டிகிரி காபிம்மா" என்றார்கள்.

இந்தச் சுற்றுலாக்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒரு கோப்பைக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது என்று குழந்தைகள் பார்க்கட்டும். சொல்ல வருவது நேரத்தைப் பற்றித்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் ரோஸ்டர் முன்னால் அரை மணி நேரம், கடையில் அரை மணி நேரம், பொறுக்கும் அறையின் கண்ணாடி முன்னால் நாற்பது வினாடி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா இல்லாமல் போயிருந்தால் எங்களுக்கும் நாற்பது வினாடிதான். இயந்திரம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் அது வருவதற்கு முன்னால் நூறு வருடத்துக்கு மேல் இந்தியக் காபியின் பெயரைக் காப்பாற்றியது ஒரு கேமராவும் இல்லை, கண். அந்தக் கண்களுக்கு ஒரு பலகைகூட எங்கும் இல்லை.

அதனால் நீங்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், ஏற்காடோ தாண்டிக்குடியோ குடகோ, சுற்றிக்காட்டுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கொட்டை பொறுக்குகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள்? அவர்கள் ஒதுக்கித் தள்ளுவது எங்கே போகிறது? கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் திறப்பார்கள். உள்ளே போனால் முதலில் தமிழிலேயே பேசுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம் பாஷை தெரிந்திருக்கலாம்.